வளருத பிள்ளைக்கு ஒரு சைக்கிள்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், நல்ல சித்திரை வெயிலில், பாளையங்கோட்டையில் ஒரு சைக்கிள் கடையில் நடந்தது இது. கடைக்குள் நுழையும்போது நாங்கள் சிரித்துப் பேசிக்கொண்டு போன மூன்று பேர். வெளியே வரும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத மூன்று பேர். மூவரில் இரண்டு பேருக்கு என் மேல்தான் கோபம்.

எங்களுக்கு முக்கூடல் பக்கம். எட்டாம் வகுப்போடு நின்று, பீடி சுற்றி, கல்யாணம் ஆகி, இப்போது ஒரு பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிறேன். கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் அவர் குரல்தான் வீட்டில் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். ஒரே மகள். அப்போது ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். பூட்டிய வீட்டை பஸ் ஸ்டாப் வரை போய்விட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். கேஸை அணைத்தேனா என்று பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்பேன். பங்கில் 'ஜீரோ பாத்துக்கோங்க' என்று வண்டிக்காரர்களிடம் சொல்லுவோம் இல்லையா, நான் சொல்லிவிட்டு அவர்கள் பார்த்தார்களா என்று அவர்களையே பார்த்துக்கொண்டு நிற்பேன். "ஏக்கா, பெட்ரோல போடு, என்னய என்ன பாக்க?" என்று சிரிப்பார்கள். எங்கள் சொந்தத்தில் இதை ஒரு வியாதி மாதிரித்தான் பேசுவார்கள். 'அவளுக்கென்ன, பூனை குறுக்க போனா மட்டுமில்ல, போகாட்டாலும் பயம்' என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

இப்படிப்பட்டவளுக்குப் பிறந்த பிள்ளைக்குச் சைக்கிள் பந்தயத்தில் ஆசை வந்தது. என்னுடைய பழைய லேடீஸ் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அதையே வைத்துக்கொண்டு வட்டார அளவில் ஒரு போட்டியில் ஜெயித்துவிட்டாள். கூடை வைத்த சைக்கிளில் ஒரு பிள்ளை எல்லோரையும் தாண்டி வந்ததைப் பார்த்து அவளுடைய விளையாட்டு டீச்சருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் மாவட்டப் போட்டிக்கு இந்தச் சைக்கிள் ஆகாது, ரேஸ் சைக்கிள்தான் வேண்டும் என்று சொல்லி, அவர் தம்பியின் வண்டியைக் கொஞ்ச நாளைக்கு வாங்கிக் கொடுத்தார். ஆட்டுக்கடா கொம்பு மாதிரி ஹேண்டில்பார் கீழே வளைந்து, டயர் விரல் தடிமனில் இருக்குமே, அந்த வண்டி. டீச்சரின் தம்பி நல்ல வளர்த்தியான ஆள். வண்டியும் அப்படித்தான்.

அதில் பாப்பாக்குடி ரோட்டில் காலையில் போய்ப் பழகுவாள். வந்ததும் இரண்டு கையையும் உதறுவாள். என்னட்டி என்றால், விரலெல்லாம் மரத்துப்போகுது, கழுத்து வலிக்குது என்பாள். உடனே, "நீ ஒண்ணும் நெனைக்காத, எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றும் சொல்லிவிடுவாள். நான் போகாதே என்று சொல்லிவிடுவேனோ என்று அவளுக்குப் பயம்.

ஒருநாள் இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து, தலையெல்லாம் மண்ணாக வந்து நின்றாள். முன்னால் போன தண்ணி லாரி திடீரென்று நின்றிருக்கிறது. இவள் பிரேக்கைப் பிடிக்க விரலை நீட்டியிருக்கிறாள், எட்டவில்லை. உடம்பைச் சீட்டிலிருந்து முன்னுக்கு இழுத்து எட்டிப் பிடிப்பதற்குள் லாரி பக்கத்தில் வந்துவிட்டது. நல்லவேளையாக ரோட்டோரம் யாரோ வீடு கட்ட மணல் குவித்து வைத்திருந்தார்கள். வண்டியை அதில் திருப்பி விழுந்துவிட்டாள். யார் வீட்டு மணலோ தெரியாது. அந்த வீட்டுக்காரர் நல்லா இருக்கணும்.

அன்றைக்கு முழுக்க 'எட்டல' என்று அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அதற்குள் டீச்சரின் தம்பி வண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பந்தயமோ பக்கத்தில் வந்துவிட்டது. மகள் சாப்பிடாமல், பேசாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கணவர் போனில், "சரி, வாங்கிக் குடுத்துருவோம். அண்ணன கூட்டிட்டுப் போ. அவனுக்குத்தான் வெவரம் தெரியும்" என்றார்.

கணவரின் அண்ணனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். ஆறடி ஆள். எந்தக் கடைக்குள் போனாலும் கடைக்காரரையே தள்ளி உட்காரச் சொல்லும் குரல். மோட்டார் வாங்குவதென்றாலும் சரி, மூக்குத்தி வாங்குவதென்றாலும் சரி, எங்கள் வீட்டில் அவர்தான் முன்னால் போவார். என் மகள் மேல் அவருக்கு உயிர். அதையும் சொல்லியாக வேண்டும். அன்றைக்குத் தன் வேலையைப் போட்டுவிட்டு அந்த வெயிலில் எங்களுக்காகத்தான் வந்தார். நான் காலை ஷிப்டை முடித்துவிட்டு, உடை மாற்ற நேரமில்லாமல், பங்கு யூனிபார்மோடு பஸ் ஏறினேன். சுடிதார், மேலே நீலச் சட்டை.

கடையில் பிள்ளைகள் சைக்கிளும் சாதாரண சைக்கிளும் நிறைய நின்றன. ரேஸ் சைக்கிள் ஒன்றே ஒன்றுதான். சிவப்புக் கலர். கண்ணாடிக்குப் பக்கத்தில் வெயில் பட்டு மின்னிக்கொண்டு நின்றது. மகள் அதைப் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இனி இவளை இந்த வண்டியிலிருந்து பிரிப்பது கஷ்டம் என்று.

"இந்தா, இதுல்லா வண்டி!" என்றார் அத்தான். "ஏறுளா."

மகள் ஏறினாள். ஏறினாள் என்றால், கடைக்காரர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, அவள் ஒரு காலை அந்தப் பக்கம் போட்டு, நடுக்கம்பிக்கு மேலே கட்டைவிரல் நுனியில் நின்றாள். சீட்டில் உட்கார்ந்ததும் உடம்பு முன்னால் நீண்டுபோனது. கொடியில் துணி காயப்போட்ட மாதிரி இருந்தது எனக்கு.

"பிரேக் எட்டுதாட்டி?"

"எட்டுதும்மா."

"பிடிச்சிக் காட்டு."

தோளை முன்னுக்குத் தள்ளி, மூச்சை அடக்கி, விரல் நுனியால் அந்தப் பிரேக்கைத் தொட்டுக் காட்டினாள். தொட்டாள், பிடிக்கவில்லை. அவள் கண்ணை நான் பார்த்தேன், அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் பெருசா இருக்கே அண்ணாச்சி" என்றேன் கடைக்காரரிடம். அவர் வாயைத் திறப்பதற்குள் அத்தான் சொன்னார்: "வளருத புள்ளைக்கு யாராவது அளவா எடுப்பாவளா? இன்னிக்கு அளவா எடுத்தா அடுத்த வருசம் சின்னதாப் போயிரும். ரெண்டு சைஸ் கூட இருந்தாத்தான் நாளைக்கு ஆவும்."

இந்த வார்த்தைக்கு எங்கள் பக்கம் அப்பீலே கிடையாது. செருப்பு, சட்டை, பள்ளிக்கூட யூனிபார்ம், எதை எடுத்தாலும் வளருத பிள்ளைக்கு ஒரு பிடி கூடத்தான். நானே அப்படித்தான் எடுத்திருக்கிறேன். தொளதொளவென்று ஒரு வருடம், சரியாக ஒரு வருடம், கெண்டைக்கால் தெரிய ஒரு வருடம் என்று ஒரே துணியில் மூன்று வருடத்தை ஓட்டிவிடுவோம். அதில் ஒன்றும் தப்பில்லை. சட்டை பெரிதாக இருந்தால் யாரும் லாரிக்கு அடியில் போகமாட்டார்கள்.

கடைக்காரருக்கும் அந்த வார்த்தை வசதியாகப் போய்விட்டது. "அண்ணாச்சி சொல்லுததுதான் சரி. சீட்ட நல்லா இறக்கித் தாரேன், ஜம்முனு இருக்கும்" என்று ஸ்பேனரை எடுத்தார். சீட்டு அடிவரை இறங்கியது. கால் கொஞ்சம் எட்டியது. ஆனால் ஹேண்டில்பார் இருந்த இடத்தில்தான் இருந்தது.

"சீட்டு கீழ வந்துட்டு அண்ணாச்சி. ஹேண்டில்பாரு கிட்ட வரலியே" என்றேன்.

"அது எப்படிம்மா வரும்? பிரேம் நீளம் அப்படில்லா."

அப்போதுதான் சீட்டுக்குக் கீழே, கம்பியில் சின்னதாக ஒரு எண் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். ஐம்பத்தாறு. என்ன எண் என்று கேட்டேன்.

"மாடல் நம்பரு. ஒனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றார் அத்தான்.

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "மாடல் இல்ல அண்ணாச்சி. அது... சைஸு."

"அப்ப எம்மகளுக்கு எத்தன?"

அவர் மகளை மேலும் கீழும் பார்த்தார். ஸ்பேனரைத் துணியில் துடைத்தார். பொய் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். "நாப்பத்தெட்டு இருந்தா தோதா இருக்கும். ஆனா அந்த சைஸு நம்ம ஊர்ல போவாதும்மா. யாரு எடுப்பா? மதுரைக்குச் சொல்லி வரவழைக்கணும். எப்ப வரும்னு சொல்ல முடியாது. போட்டி வாரதுக்குள்ள வராது."

"செருப்புக் கடையில அஞ்சாம் நம்பர் காலுக்கு எட்டாம் நம்பர் குடுப்பீயளா அண்ணாச்சி?"

"ஏன் குடுக்கமாட்டாவ?" என்றார் அத்தான். "நான்லாம் முன்னால பஞ்சு வச்சிப் போட்டு நடந்தவன். நான் என்ன கீழ விழுந்தா கெடக்கேன்?"

டியூப் வாங்க வந்து நின்ற ஒருவர் சத்தமாகச் சிரித்தார். மகளுக்கு அவமானமாகப் போய்விட்டது. "எம்மா, போதும்மா. எனக்கு எட்டுது. நான் வளந்துருவேன். இதையே எடுப்போம்மா" என்று கெஞ்சினாள். அவள் குரலில் இருந்தது எனக்குப் புரிந்தது. இன்றைக்கு விட்டால் இனி எப்போதும் இல்லை என்ற பயம் அது. ஆகாத வண்டியாவது வேண்டும், வண்டியே இல்லாமல் போகக்கூடாது. என் வயிற்றில் பிறந்தவள், அவளுக்கும் பயம் இருக்கத்தானே செய்யும்.

எனக்கு அந்த நேரத்தில் என்ன வந்ததோ தெரியவில்லை. "இறங்குட்டி" என்றேன். அவள் இறங்கியதும் கைப்பையை அவளிடம் கொடுத்துவிட்டு, "அண்ணாச்சி, வண்டிய கெட்டியாப் பிடிங்க" என்று சொல்லி, நான் ஏறிவிட்டேன்.

சேலை கட்டியிருந்தால் ஏறியிருப்பேனா என்று இப்போது யோசித்தால் சந்தேகம்தான். காலைப் போட்டு நடுக்கம்பிக்கு மேலே நின்றேன். மகள் நின்ற மாதிரியே, கட்டைவிரல் நுனியில். சீட்டில் உட்கார்ந்து குனிந்தேன். தலையில் இருந்த பூ முன்னால் சரிந்து கண்ணில் விழுந்தது. டியூப் வாங்க வந்தவர், "என்னக்கா, பங்குல பெட்ரோல் தீந்து போச்சோ? சைக்கிளுக்கு மாறிட்டிய!" என்றார். கடைவாசலில் போனவர்கள் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். வேறு நாளாக இருந்தால் அந்த இடத்திலேயே செத்திருப்பேன்.

"சிரிங்கண்ணே. சிரிச்சிட்டு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் இனிமே வளருவனா?"

அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"அத்தான், நல்லாப் பாருங்க. நான் வளந்து முடிச்சவ. எம்மக எனக்கு காது வரைக்கும் வந்தாச்சி. இன்னும் வளந்தா என்னய விட ரெண்டு விரல் கூடுவா. இந்தா பாருங்க, எனக்கே கால் தரையில பாவல. எனக்கே பிரேக் எட்டல. பெறகு அவளுக்கு எப்ப எட்டும்? கெழவியானப் பெறகா?"

"எங்க வீட்டு வளத்தி வரும் அவளுக்கு. எங்க ஆளுவள பாத்ததில்லியா நீ?"

"வரட்டும் அத்தான், வேண்டாம்னா சொல்லுதேன்? ஏழாங்கிளாஸ்ல இவளுக்கு யூனிபார்ம் தச்சேன். வளருவான்னு பேன்ட்டுல நாலு விரல் உள்ள மடிச்சி அடிச்சி வச்சேன். அந்தத் தையல இன்னும் பிரிக்கல. ஒங்க வீட்டு வளத்தி எந்த பஸ்ல வருதுன்னு தெரியல."

கடைக்காரர் வண்டியின் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

அத்தான் முகம் கறுத்துவிட்டது. பத்துப் பேர் முன்னால் தம்பி பொண்டாட்டி இப்படிப் பேசினால் யாருக்குத்தான் கறுக்காது. அவர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. மெதுவாகச் சொன்னார்: "விசயம் சைஸு இல்ல. ஒனக்குப் பயம். புள்ளைய ரோட்ல விடப் பயம். அதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு வண்டி மேல பழியப் போடுத. அந்தப் புள்ள ஆசைய நீயே கெடுக்க."

அது முழுப்பொய் இல்லை. அவள் காலையில் கிளம்பிப் போனதிலிருந்து திரும்பி வரும்வரை வாசலுக்கும் ரோட்டுக்கும் எத்தனை தடவை நடப்பேன் என்று எனக்குத்தான் தெரியும். ஒருவேளை நான் அதைத்தான் செய்கிறேனோ? நாற்பத்தெட்டு வந்தால் அதிலும் ஒரு குறை கண்டுபிடிப்பேனோ? எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது. மகளைத் திரும்பிப் பார்த்தேன். என் கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் உள்ளங்கையில் பழைய காயத்தின் பொருக்கு இன்னும் உதிராமல் இருந்தது.

இறங்கினேன். பூவைச் சரி செய்துகொண்டேன்.

"ஆமா அத்தான், பயந்தான். எனக்கு எல்லாத்துக்கும் பயம். ஆனா நான் சைக்கிளே வேண்டாம்னு சொல்லல. அவளுக்கு ஆவுறத குடுங்கன்னு கேக்கேன். பயப்படாதவங்க எல்லாரும் சேந்து அவளுக்கு ஆவாதத குடுக்கீய. அண்ணாச்சி, மதுரைக்குச் சொல்லுங்க. நாப்பத்தெட்டு."

"போட்டி முடிஞ்சிரும்மா" என்றார் கடைக்காரர்.

"முடியட்டும்."

அந்த 'முடியட்டும்' என்ற வார்த்தையைச் சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டு, "கோட்டி புடிச்சிருக்கு இவளுக்கு" என்று பொதுவாகத் தெருவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மகள் கைப்பையை என் கையில் திணித்தாள்.

பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் போய் உட்கார்ந்தாள். பஸ் பேட்டை ஊரைத் தாண்டியதும் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "நீ இத எனக்காகப் பண்ணல. ஒம் பயத்துக்காகப் பண்ணுன." அத்தான் சொன்னதை விட இது அதிகமாகக் குத்தியது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வயலில் நெல் அறுத்த தாளில் கொக்குகள் நின்றுகொண்டிருந்தன என்று நினைவிருக்கிறது. வேறொன்றும் நினைவில்லை.

போனில் கணவரும் திட்டினார். வாங்கிக்கொண்டேன். ஆனால் மாற்றிக்கொள்ளவில்லை. என் வாழ்க்கையில் நாலு பேர் சேர்ந்து சொன்ன பிறகும் நான் மாற்றிக்கொள்ளாத முதல் விஷயம் அதுதான்.

பந்தய நாள் வந்தது. வண்டி வரவில்லை. காலையில் மகள் எழுந்து குளித்துத் தலைபின்னிக்கொண்டு, "நான் பாக்கவாவது போவேன்" என்றாள். நானும் கூடப் போனேன். வா என்றும் அவள் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நாலுவழிச்சாலையின் ஓரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றோம். பிள்ளைகள் சர்ரென்று காற்றைக் கிழித்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொருத்தி போகும்போதும் என் மகளின் கால் தரையில் நின்றபடியே லேசாக மிதித்தது. பாவி, ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்தச் சிவப்பு வண்டியில் ஓட்டியிருந்தால்தான் என்ன ஆகியிருக்கும் என்று என் மனசே கேட்டது.

விளையாட்டு டீச்சர் எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். நல்லவர். வருத்தத்தில்தான் கேட்டார். "எவ்வளவு நல்ல சான்ஸ்ம்மா, இப்படி விட்டுட்டீங்களே."

"அடுத்த வருசமும் பந்தயம் இருக்கும்லா டீச்சர்? அப்ப எம்மகளும் இருக்கணும்லா?"

மகள் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். தண்ணி லாரி அவளுக்கு நினைவு வந்ததோ என்னவோ. அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். தோள் மட்டும் பட்டுக்கொண்டு வந்தது.

அதற்கப்புறம் பள்ளிக்கூடம் திறக்கப்போகிற சமயத்தில் கடைக்காரர் போன் பண்ணினார். இந்தத் தடவை நாங்கள் இரண்டு பேர்தான் போனோம். நீலமும் சாம்பலும் கலந்த கலர். சிவப்பு அளவுக்கு மின்னவில்லை, அதை மறைக்கமாட்டேன். மகள் காலைப் போட்டு நின்றாள். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பட்டன. கடைக்காரர் அவளைச் சீட்டில் உட்காரவைத்து, சீட்டை ஏற்றி இறக்கி, பெடல் கீழே போகும்போது முழங்கால் லேசாக மடங்கி நிற்கும்படி வைத்தார். பிறகு பிரேக்கைப் பிடிக்கச் சொன்னார். இரண்டு கை விரலும் போய்ப் பிரேக்கைச் சுற்றிக்கொண்டன. அவள் அதைப் பிடித்தாள், விட்டாள், பிடித்தாள், விட்டாள். கொஞ்ச நேரம் அதையே செய்துகொண்டிருந்தாள்.

"ரோட்ல ஒரு சுத்து போயிட்டு வா. பையப் போ" என்றார் கடைக்காரர்.

பைய எங்கே போனாள்? தெருக்கோடி வரை போய்த் திரும்பி, பறந்து வந்தாள். நேராக என்னை நோக்கியே வந்தாள். ஏட்டி, ஏட்டி என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதே பிரேக்கைப் பிடித்து, என் காலுக்கு ஒரு சாண் முன்னால் வந்து கல் மாதிரி நின்றாள். என் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்துவிட்டுச் சிரி சிரியென்று சிரித்தாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. எனக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

அத்தான் ஆனி மாதம் வரை எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஒருநாள் சாயங்காலம் திடீரென்று வந்தார். கையில் ஒரு பை. பையில் ஒரு ஹெல்மெட். "சைக்கிளு ஓட்டுத புள்ளைக்குத் தலையில ஒண்ணு வேணும்லா" என்று என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். மகள் ஆசையாக வாங்கி மாட்டினாள். அது அவள் புருவத்தைத் தாண்டி மூக்கு வரை இறங்கியது. தலையை ஆட்டினாள். தலை ஆடியது, ஹெல்மெட் திரும்பாமல் நேராக நின்றது.

நான் எவ்வளவோ அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. "தலையுமா அத்தான் வளரும்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை முறைத்தார். பிறகு ஹெல்மெட்டுக்குள் இருந்து மகள் சிரிக்கிற சத்தம் கேட்டு, அவருக்கும் உதடு துடித்தது. "சவத்த, மாத்திக்கிடலாம். பில்லு இருக்கு. காப்பியப் போடு" என்றார். மறுநாள் அவரே போய்ச் சரியான அளவில் மாற்றிக்கொண்டு வந்தார். அவள் தலையை நூலால் அளந்துகொண்டு போனார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வருடப் பந்தயத்தில் மகள் ஓட்டினாள். முதலாவதாக வரவில்லை. நடுவில் எங்கோ வந்தாள். இறங்கியதும் கையை உதறவில்லை. டீச்சரிடம் ஓடிப்போய், வளைவில் எந்த இடத்தில் வேகத்தை விட்டோம் என்று பேசிக்கொண்டிருந்தாள். ஜெயிக்காததற்கு வண்டியைக் காரணம் சொல்ல அவளுக்கு வழியே இல்லை. தன்னைத்தான் சொல்லவேண்டும். எனக்கு அது போதும் என்று தோன்றியது.

இப்போது பதினோராம் வகுப்பு போகிறாள். சுடிதார் பேன்ட்டு இன்னும் அதே நீளம்தான். அவளுக்குச் சரியாக இருக்கிற வண்டி எனக்கும் சரியாக இருக்கும் என்பது அப்புறமாகத்தான் எங்களுக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தாமிரபரணிக் கரை ரோட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நானும் ஏறுகிறேன். அவள் பின்னாலேயே பழைய லேடீஸ் சைக்கிளில் வருவாள். "எம்மா, பிரேக்க விடுமா, பிடிச்சிக்கிட்டே ஓட்டுத!" என்று கத்துவாள். பிடித்துக்கொண்டேதான் ஓட்டுவேன். எட்டுகிறது, பிடிக்கிறேன், யாருக்கு என்ன?

என் பயம் ஒன்றும் போகவில்லை. இன்றைக்கும் பூட்டை இழுத்துப் பார்க்கிறேன், கேஸுக்குப் போன் போடுகிறேன். ஆனால் அதற்காக இப்போது யாரிடமும் கூச்சப்படுவதில்லை. சொந்தத்தில் ஒருவர் போன மாதம் மகளுக்கு ஒரு வரன் பேச்சை எடுத்தார். படிப்பு முடியட்டுமே என்றேன். பையனுக்கு வயசு கொஞ்சம் கூடத்தான், போகப் போகச் சரியாயிரும் என்றார். என்னைப் பயந்தாங்கொள்ளி என்று ஊரே சொல்லட்டும். என் மகளுக்குப் பொருந்தாத ஒன்றை நீட்டி, நீ வளர்ந்து இதற்குப் பொருந்திக்கொள் என்று யார் சொன்னாலும், அது சைக்கிளானாலும் சரி, மாப்பிள்ளையானாலும் சரி, அந்தக் கடையை விட்டு அவளைக் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்துவிட என் பயமே எனக்குப் போதும்.